தொலைக்காட்சிக்காகக் குழியில் சாடிய கதை

தொல்லியல் படித்தவர்களுக்குத் தொலைக்காட்சியைப் போல ஓர் எதிரி கிடையாது. அதில் எங்கள் ஆட்கள் தொப்பி வைத்திருப்பார்கள். குழிக்குள் குதித்ததும் தங்கச் சிலையோடு வெளியே வருவார்கள். நானோ கேரள எல்லையில், காரோடு என்ற ஊரில் ஒரு வாழைத் தோட்டத்தில் குந்தியிருந்து மண் சுரண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததெல்லாம் உடைந்த பானை ஓடுகள்.

தோட்டக்காரர் தங்கராஜ் அண்ணன் தினமும் வந்து, "மோளே, பொன்னு உண்டா?" என்பார். இல்லை என்றால் முகம் தொங்கிவிடும். கடைசியில், வாழைக்கன்று வந்துவிட்டது, குழியை மூடப் போகிறேன் என்றார். எனக்கு இன்னும் ஒரு மாதமாவது வேண்டும். அவரையே அவர் நிலத்தில், குழியோரம் கால் வைத்தாலே, "ஓரத்தில சவுட்டாதீங்க, சரிஞ்சிரும்!" என்று விரட்டியவள் நான். எந்த முகத்தோடு கேட்பது?

அப்போதுதான் ஒரு மலையாளச் சேனலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். படம் நன்றாக வந்தால் அண்ணன் மனம் மாறுவார் என்று நம்பினேன். அம்மா பொழியூர் கடற்கரையில் ஒரு தொப்பி வாங்கி வந்தாள். (ரோஜாப்பூ வைத்தது. பூவைப் பிய்த்துவிட்டேன்.)

நான் மண் சுரண்டுவதைப் படமெடுத்தவர் கொட்டாவி விட்டார். "மேடம், குழியிலேக்கு ஒந்நு சாடாமோ?"

தொலைக்காட்சி ஆட்களைப் போலக் குதிக்க வேண்டுமாம். சாடினேன். ஏணி இருக்க, ஊரையே விரட்டிய அதே ஓரத்தில் கால் வைத்து! ஓரம் என்னோடு சேர்ந்து வந்தது. இடுப்பு வரை மண், மூக்கு வரை தொப்பி.

"ஓரத்தில சவுட்டப்பிடாதுண்ணு நீதானே சொன்னே!" மேலிருந்து அலறினார் தங்கராஜ் அண்ணன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரே ஏணியில் இறங்கி என்னை இழுத்தெடுத்தார்.

"கெடக்கட்டு மக்கா, மண்ணுதானே?"

"வெறும் மண்ணு இல்ல அண்ணா. கீழ போகப் போக பழைய காலமாக்கும். அதைப் பாக்கத்தான் சுவரை நேரா வெட்டி வெச்சேன்."

சரியாமல் நின்ற எதிர்ச் சுவரை அவர் அன்றுதான் உற்றுப் பார்த்தார்.

"இது என்னது, கறுப்பா?"

"அடுப்புக் கரி. பண்டு ஆரோ இங்க கஞ்சி வெச்சிருக்காவ."

தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "என் வாழைக்கு அடியிலயா!" பிறகு, "கன்னை வீட்டுப் பக்கம் நட்டுக்கிடுதேன். நீ தோண்டு" என்றார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

ஒளிபரப்பில் அடுப்பைக் காணோம். நான் விழுந்ததை மட்டும் மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஊரே பார்த்தது.

என் கல்யாணத்தன்று, பட்டுச் சேலையோடு சபைத் தேவாலயப் படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து தங்கராஜ் அண்ணன் குரல் வந்தது: "மோளே, ஓரத்தில சவுட்டாதே!"