பிரிட்ஜ் அடித்த பெல்

வில்லாபுரம்,
மதுரை.

அன்புள்ள பேத்தி தமிழ்வாணிக்கு, அப்பத்தா முத்துத்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிரிட்ஜும் சுகம். பெங்களூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது நீ மறந்துவிட்டுப் போன, கரண்டைக் கோடாகக் காட்டுகிற ஆசிலாஸ்கோப் பெட்டியை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். அஞ்சாவது படித்தவள் இந்தப் பெயரை எப்படித் தப்பில்லாமல் எழுதினாள் என்று பார்க்கிறாயா, வேறு தாளில் எழுதிப் பழகினேன். பெட்டிக்காக லீவு போட்டு வராதே. எனக்கும் இங்கே ஒழிவில்லை.

ஆள் இல்லாமல் அடித்த நம் வாசல் பெல் அடங்கிவிட்டது. நீ வருவதற்கு முன்னால் எதிர்வீட்டு மலையம்மாள் மேல் சந்தேகப்பட்டு, "பெல்லை அமுக்கிட்டு ஒளியிற வயசாடி இது" என்று தெருவில் வைத்துக் கேட்டுவிட்டேன், மார்கழி முழுக்க அவள் பேசவில்லை, அப்புறம் நீ வந்து, சோப்பு டப்பா மாதிரி அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகி, கொக்கி ஒயரைப் பெல்லுக்குள் மாட்டிக் காத்திருந்தாய், பிரிட்ஜ் டுர்ரென்று கிளம்பியதும் நேராக ஓடிய கோடு அவனியாபுரத்து மாடு மாதிரி ஒரே துள்ளாகத் துள்ளியது, பெல்லும் அடித்தது. "ஆளு யாரும் வரல அப்பத்தா, ஒன் பிரிட்ஜுதான் கூப்பிடுது" என்றாய். பருப்பு அளவுக்கு ஒரு சாமானைப் பெல்லுக்குள் ஈயம் வைத்துப் பற்றவைத்தாய், பெல் வாயை மூடியது.

மலையம்மாளிடம் போய்ச் சொன்னால், "பிரிட்ஜுக்குக் கை எங்க இருக்கு அத்தாச்சி" என்கிறாள். விடுவேனா. கரண்டைக் கண்ணால் பார்க்கிறவள் என் பேத்தி என்று காட்ட, ஓடாத அவள் மிக்சியில் கொக்கியை மாட்டி, பெட்டியை நம் டிவியில் சொருகினேன். டிவி நீலமாக நின்றது. "கோளாறு ஒண்ணுமில்ல, ஓடும் போ" என்றேன். வீட்டில் போய்ப் போட்டாள், ஓடிவிட்டது. இப்போது ஷேர் ஆட்டோ விருமாண்டியும் இரைகிற பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதையும் ஒரு பார்வை பாரு அப்பத்தா" என்று நிற்கிறான்.

ஆகவே நான் தனியாகக் கிடக்கிறேன் என்று உன் அப்பன் சொன்னால் நம்பாதே. மத்தியானம் நிம்மதியாகப் படுக்கிறேன். முன்பெல்லாம் பெல் அடித்ததும் எழுந்து, கொண்டையை முடிந்து, கதவைத் திறந்து "யாரு" என்று கேட்க வேண்டும். அந்தத் தொல்லை இல்லை. பிரிட்ஜ் டுர்ரென்றால் கால் மட்டும் பழக்கத்தில் செருப்பைத் தேடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. மீனாட்சி உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா.

பின்குறிப்பு: பார்சலைப் பிரித்துவிட்டுப் பதறாதே, பெட்டி மட்டும்தான் இருக்கும். கொக்கி ஒயர்கள் என் அரிசி டப்பாவில் இருக்கின்றன. அந்தப் பருப்புச் சாமானையும் விருமாண்டியை விட்டுக் கழற்றிவிட்டேன். பெல் பழையபடி அடிக்கிறது, இதை எழுதும்போதுகூடக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கிளம்புகிற அன்றைக்கு ஒரு போன் போடு. பிரிட்ஜை அணைத்து வைக்கிறேன். அப்புறம் பெல் அடித்தால் அது நீதான்.