பிள்ளைக்காம்பராவில் பெரட்டு

அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்கள்: தவழ்கிறதும் நடக்கிறதுமாக ஒன்பது பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்கிற டயர் அக்கா, தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா, நான், பதினாலு மாதமாகியும் தரையில் கால் ஊன்றாத என் மகன் ருக்ஷன், படுத்த வாக்கில் ஒரு லொறி டயர். டயரையும் ஆள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் எல்லாரையும்விட அதிகமாக உழைத்தது அதுதான்.

இலங்கையிலேயே கைப்பிள்ளைகளுக்குப் பெரட்டு வைத்த ஒரே ஆள் டயர் அக்காதான். இல்லை என்கிறவர்கள் என்னோடு வந்து பேசலாம்.

பெரட்டு என்றால், விடிந்ததும் தொழிலாளர்களை நிறுத்தி, இன்னாருக்கு இன்ன நம்பர் மலை என்று வேலை பிரிப்பது. தாய்மார் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அந்தப் பெரட்டுக்கு ஓடுவார்கள். உள்ளே டயர் அக்கா தன் பெரட்டைத் தொடங்குவார். சாக்குகளை அடுக்கி வைத்தது ஒன்றாம் நம்பர் மலை. டயர் இரண்டாம் நம்பர். வாசலில் இருக்கிற இரண்டு படியும் மூன்றாம் நம்பர்.

"டேய் பெரியவனே, நீ மூணாம் நம்பருக்குப் போ. அடியே குட்டி, நேத்து ஒன்னாம் நம்பர்ல ஏறுனவ பாதியில தூங்கிட்ட. இன்னைக்கும் தூங்குன, அரைப்பேருதான்!"

பறித்த கொழுந்து நிறை குறைந்தால் பாதி நாள் சம்பளம்தான் விழும். அதற்குத்தான் அரைப்பேர் என்று பேர். பால் போத்தலோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அரைப்பேர் போட்ட ஆளை வேறெங்கே பார்க்க முடியும்?

அவர் வருவதற்கு முன் பிள்ளைக்காம்பராவில் முகட்டு மரம் நிறையச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பிள்ளைகள் நாள் முழுக்க ஆடிக்கொண்டு கிடப்பார்கள். சத்தமே வராது. சத்தம் வராவிட்டால் நல்லது என்று எல்லாரும் நினைத்தோம். டயர் அக்கா பத்து நாள் பயிற்சிக்குப் போய், கையில் ஒரு சான்றிதழோடும், நானுஓயாவில் யாரிடமோ கேட்டு வாங்கிய டயரோடும் திரும்பினார். வேனில் டயருக்கும் தனியாக ஒரு சீட் பிடித்தாராம். மறுநாள் முக்கால்வாசித் தொட்டில்கள் இறங்கிவிட்டன.

நான் பயந்த சுபாவம். எட்டாம் வகுப்போடு நின்றவன், படித்தது குறைவு, கற்பனை அதிகம். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ், "இன்னும் ஒரு மாசம் பாப்போம். அப்பவும் நிக்கலேன்னா நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தர்றேன்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. காலில் ஏதோ கோளாறு என்று நானே முடிவுகட்டினேன். கோளாறுள்ள காலுக்குக் குளிர் ஆகாது என்றும் நானே முடிவுகட்டினேன். இரண்டு ஸ்வெட்டர், மூன்று காற்சட்டை, கம்பளித் தொப்பி, அதற்கு மேல் என் துவாய். தரையில் விடுவதே இல்லை.

அவனைப் பிள்ளைக்காம்பராவில் விட்ட முதல் நாளே டயர் அக்கா கேட்டார். "தம்பி, இது பிள்ளையா, முட்டைக்கோவாவா? உரிச்சிக்கிட்டே போறேன், உள்ள ஆளைக் காணோமே!"

"பனி அக்கா..."

"பனிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். மொழங்கால் மடங்க எடம் வேணாமா? வகுறு தரையில பட்டாத்தான் கழுத்து நிமிரும். தவழ்ந்தாத்தான் கையுங் காலும் ஒன்னுக்கொன்னு பழகும். ஏறி விழுந்தாத்தான், எங்க விழுவோம்னு புத்திக்குத் தெரியும். இடுப்புலயே வச்சிருந்தா ஒங்க இடுப்புதான் பலமாகும்."

நான் வேலை செய்வது ஃபெக்டரி மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில். ஜன்னலில் இருந்து பிள்ளைக்காம்பரா தெரியும். ஒரு நாளைக்கு ஆறு தடவை இறங்கி ஓடுவேன். தண்ணீர் குடிக்க, செருப்பு மறந்தது, மருந்து கொடுக்க என்று ஏதாவது காரணம் சொல்வேன். பிள்ளைக்கு மருந்தே கிடையாது. அப்படி ஓடிய ஒருநாள் பார்த்தேன், என் பிள்ளை குப்புறக் கிடக்கிறான். எட்டுகிற தூரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அவன் கை நீட்டினால் டயர் அக்கா அதைச் சாண் அளவு தள்ளி வைக்கிறார். பிள்ளை அலறுகிறான். அவரோ, "அரைப்பேரு! அரைப்பேரு!" என்று கத்துகிறார்.

நேரே வெல்பெயார் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் அன்றைக்கு அவர் வந்தார். ஒன்பது பிள்ளைகள் மூன்று மலைகளிலும் ஏறி உருண்டுகொண்டிருந்தார்கள்.

"ஆயாம்மா, என்ன இது, சந்தையா? இவரு பிள்ளையப் போட்டு வதைக்கிறீங்களாம். டயரத் தூக்கி வெளிய போடுங்க. இல்லாட்டி ஒங்க எடத்துக்கு வேற ஆள் போடுவேன்."

டயர் அக்காவின் முகம் வெளிறியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா டயரைத் தள்ளுவதற்குக் காலைத் தூக்கினார்.

டயருக்குள் இருந்து ஒரு தலை எழும்பியது.

தொப்பி இல்லை. முதலில் யார் பிள்ளை என்றே தெரியவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முட்டி நடுங்க, நேராக நின்று எங்கள் மூவரையும் பார்த்தான் ருக்ஷன். பெரட்டு வைக்கிற கணக்கப்பிள்ளை பிந்தி வந்தவர்களைப் பார்ப்பாரே, அப்படி.

ஐயாவின் கால் அந்தரத்திலேயே நின்றது.

"அக்கா, நிக்கிறான்!" என்றேன்.

"முந்தாநாள்ல இருந்தே நிக்கிறான்" என்றார் டயர் அக்கா. "நான்தான் ஒங்ககிட்ட சொல்லல. சொன்னா ரெண்டு காலுக்கும் தலவாணி கட்டுவீங்க."

ருக்ஷன் தொப்பென்று உட்கார்ந்தான். டயர் அக்கா உடனே, "அரைப்பேரு!" என்றார். அவன் கைகொட்டிச் சிரித்தான். அவனுக்கு அது திட்டு இல்லை, கொஞ்சல் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பிழை என்மேல ஐயா. அவங்களை ஒன்னும் செஞ்சிறாதீங்க" என்றேன். ஐயா காலை மெல்லக் கீழே வைத்தார். "டயரைக் கிழமைக்கு ரெண்டு தரம் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு, வேறு அவசரம் இருப்பதுபோலப் போய்விட்டார்.

மிட்வைஃப் மிஸ் துண்டு எழுதவில்லை. ருக்ஷன் இப்போது இரண்டாம் வகுப்பு. நாங்கள் குடியிருக்கிற லயத்துப் படிகளில் மூன்று மூன்றாகக் குதிக்கிறான். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். வழியில் கண்டால் டயர் அக்கா சொல்வார், "அவனுக்கு எப்பவோ முழுப்பேரு போட்டாச்சு தம்பி. ஒங்களுக்குத்தான் இன்னும் அரைப்பேரு."

பொய்யில்லை. ருக்ஷனுக்குப் பின் பிறந்த சின்ன மகளை இப்போது காலையில் பிள்ளைக்காம்பராவுக்கு நான்தான் தூக்கிப் போகிறேன். அவளுக்கு ஒரே ஸ்வெட்டர்தான் போட்டிருக்கிறேன். தொப்பி மட்டும் என் பையில் இருக்கிறது. வாசலில் டயர் அக்காவைக் கண்டதும் அவள் இரண்டு காலாலும் என் இடுப்பில் உதைக்கிறாள். நான் இறக்கி விடுகிறேன்.