வினா மன்றத்தில் அகத்தா கேட்ட கேள்வி

மனித நாகரிகம் எந்த ஊரில் உச்சியைத் தொட்டது என்று யாராவது கேட்டால், மலேசியாவில் எங்கள் சுங்கைப்பட்டாணியில்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அதை அவர் முறைப்படி கேட்க வேண்டும். பதிலை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கேள்வியை ஒழுங்காகக் கேட்பதுதான் கலை. அந்தக் கலையை வளர்க்கவே 1988-இல் எங்கள் 'கணிப்பொறி வினா மன்றம்' உதயமானது. அதன் செயலாளராகும் பேறு எனக்குக் கிடைத்தது.

தலைவர் ஜவுளிக்கடை சதாசிவம். அவர் கடை மாடியில்தான் மன்றம் கூடும். மன்றத்துக்கென்று சொந்தமாக ஒரு கணிப்பொறியும் உண்டு. பூசை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மூலையில் ஒரு மேசைமேல் அமர்த்தியிருந்தோம். சுவிட்சைப் போட்டால் சூடாகிவிடும் என்பதால் போடுவதில்லை.

துணைத்தலைவர் ஹெர்பர்ட் ஐயா. சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் கணிப்பொறியை உண்மையிலேயே கற்றவர் அவர் ஒருவர்தான். பினாங்குக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். ஆகவே மன்றத்தில் அவர் வாயே திறக்க மாட்டார்.

மன்றத்தின் விதிகளை வகுத்தவரும் அவரே. தோட்டத்து ஆபீசில் சன்னலுக்கு உள்பக்கமே காலம் கழித்தவருக்கு, வெளிப்பக்கம் நிற்பவன் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியாதா? முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பிறகு வணக்கம், எல்லாருக்கும், பதவி வாரியாக. தன் கோளாறைத் தன் கோளாறு என்று சொல்லவே கூடாது. 'தெரிந்த ஒருவருக்கு' என்றுதான் தொடங்க வேண்டும். தோட்டத்தில் தப்பை ஒப்புக்கொண்டவன் பிழைத்ததில்லை என்ற அனுபவ ஞானம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன நடந்தது என்ற விவரத்தைக் கேட்பவர் வெளியிடக் கூடாது. நோயாளியே நோயைச் சொல்லிவிட்டால் வைத்தியருக்கு என்ன மரியாதை?

இப்படிப்பட்ட சபைக்குத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அகத்தா வந்து சேர்ந்தாள்.

ஹெர்பர்ட் ஐயாவின் பழைய தோட்டத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர்கள். தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த கணிப்பொறியில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து போய் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார், அவள் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார் என்று ஏற்பாடு.

வந்தவள் மூச்சு வாங்க நின்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, நேத்து சாயந்தரம் வேல முடிஞ்சி கம்ப்யூட்டர் சுவிட்ச அடைச்சேன். டிஸ்க்கெட்ட வெளிய எடுக்கல, உள்ளயே இருக்கு. இன்னிக்குக் காலையில சுவிட்ச் போட்டா ஏந்திரிக்க மாட்டுது. 'இது சரியான டிஸ்க் இல்ல, மாத்திட்டு ஏதாச்சும் ஒரு கீய அமுக்கு'ன்னு இங்கிலீசுல வருது. அமுக்கிப் பாத்தேன், திரும்பத் திரும்ப அதேதான். நான் என்னா செய்யணும்?"

சபை திடுக்கிட்டது. என் பேனா நழுவிக் கீழே விழுந்தது. எப்போது நடந்தது, தான் என்ன செய்தாள், திரையில் என்ன வந்தது, அதற்கு அப்புறம் என்ன செய்து பார்த்தாள்: ஒன்றையாவது மறைக்க வேண்டுமே! இவ்வளவு வெட்கங்கெட்ட கேள்வியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தலைவர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "யாரும்மா நீ?"

"மோரிஸ் மக அகத்தாங்க."

"மன்றத்துல ஒனக்கு யாரு சொந்தம்?"

"யாரும் இல்லீங்க."

"அப்படின்னா முறைப்படிதான் கேக்கணும்."

அவளுக்கு விதிகளைப் படித்துக் காட்டினேன். பாவம், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கீழே போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்தாள்.

"தலைவரே, வணக்கம். டிஸ்க்கெட்டு உள்ளயே..."

"டிஸ்க்கெட்டு பேச்சு ஏம்மா எடுக்கிற? அத நாங்க கண்டுபுடிக்க மாட்டோமா?"

"சரிங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தவங்க..."

"அவங்க ஏன் வரல?"

"நாந்தாங்க அது."

"பாத்தியா, மறுபடியும் ஒத்துக்கிற!"

அகத்தாவின் கண் கலங்கிவிட்டது. "திங்கக்கெழம ஆளு வருதுங்க. கம்ப்யூட்டர் ஓடலன்னா என் வேல போயிடும். அந்த நாற்காலிக்கு எத்தன பேரு காத்துக் கெடக்கிறாங்கன்னு ஒங்களுக்கே தெரியும். தொலோங்லா, ஒதவி பண்ணுங்க, யாராச்சும் சொல்லுங்களேன்!"

அழுகை விதிகளில் இல்லாததால் நான் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. தேநீர் வந்தது. குடித்தோம்.

தேநீருக்குப் பிறகு அகத்தா மறுபடி எழுந்து நின்றாள். இம்முறை அவள் குரலில் ஓர் ஏற்ற இறக்கமும் இல்லை.

"பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கற்றுணர்ந்த துணைத்தலைவர் அவர்களே, மன்றத்தின் தூண்களே! எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு சங்கடம். உதவி வேண்டும். அவசரம்."

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. விவரம் என்று கடுகளவுகூட இல்லாத கேள்வி! தலைவர் உணர்ச்சிவசப்பட்டு, கடையில் விற்காமல் கிடந்த ஒரு பொன்னாடையை வரவழைத்து அவளுக்குப் போர்த்தினார். "அருமையான கேள்வி. அடுத்த மாசக் கூட்டத்துல கட்டாயம் ஆராய்வோம்" என்றார். அகத்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஹெர்பர்ட் ஐயா தம் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கணிப்பொறி எழுந்திருக்கவில்லை. அவருக்கும் கணிப்பொறி தெரியாது. தெரிந்திருந்தால் அவரை ஏன் அதிகாரியாக வைத்திருக்கப் போகிறார்கள்? "யார் கெடுத்தது?" என்று மட்டும் கேட்டார். 'தெரிந்த ஒருவர்' என்று சொல்லியிருக்கலாம். பொன்னாடை வாங்கியும் புத்தி வராத பெண், "நாந்தான் சார் கடைசியா அடைச்சேன்" என்றாளாம். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாயந்தரம் நான் மாடியில் மன்றக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது ஏறி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. பொன்னாடையை மூலையிலிருந்த எங்கள் கணிப்பொறிக்குப் போர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இதுவும் ஒங்கள மாதிரியே எல்லாத்தையும் உள்ள வெச்சிக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருக்கு. மரியாத இதுக்குத்தான் பொருந்தும்."

'அன்பளிப்பு: பொன்னாடை ஒன்று' என்று குறித்துக்கொண்டேன்.

காலியான நாற்காலிக்கு ஜூலியஸ் என்ற இளைஞன் வந்தான். ஹெர்பர்ட் ஐயாவின் தங்கை மகன். இரண்டொரு நாள் கழித்து நானும் ஐயாவும் கோப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஜூலியஸ் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். எஞ்சினை நிறுத்தவில்லை. காலில் செருப்பு அப்படியே இருந்தது.

"மாமா! அந்தக் கம்ப்யூட்டரு ஏந்திரிக்க மாட்டுது!"

"டிஸ்க்கெட்ட வெளிய எடுத்துட்டு சுவிட்ச் போடுடா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்லா. போ, போ."

மோட்டார் பறந்தது. இதில் விதி மீறல் ஒன்றும் இல்லை. மன்றத்தின் விதிகள் கோப்பிக் கடை வாசலில் செல்லாது. தாய்மாமன் முன்னால் எங்கேயுமே செல்லாது. இருந்தாலும் எனக்குள் ஏதோ உறுத்தியது.

"ஐயா, டிஸ்க்கெட்டுதான் காரணம்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"அந்தப் பொண்ணு மொத வாட்டி வாயத் தொறந்தப்பவே தெரியும்" என்றார் ஹெர்பர்ட் ஐயா, நிதானமாக. "கோப்பி ஆறுது பாரு, குடி."

குடித்தேன். பின்னே ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. நான் வினா மன்றத்தின் செயலாளர். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று ஊருக்கே கற்றுக்கொடுத்தவன். எந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று எனக்குத் தெரியாதா?