சின்னத்துரையின் சாப்பாட்டுக் கல்

அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இது நல்ல குணம் என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குணத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்த கதையை இப்போது நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இதைவிட மோசமாக இருக்கும்.

நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கண்டாக்கு. (காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்து, இரண்டுக்கும் நடுவில் தோட்டத்து மேனேஜரான துரையிடம் ஏச்சு வாங்கும் உத்தியோகம்.) துரை மலை ஏறி வரும்போது தேயிலைக்கு அடியில் ஒரு புல் தெரிந்தால் போதும், அன்று முழுக்க எனக்குத் திட்டுத்தான். ஐந்து வருடத்தில் எனக்கு ஒரு விஷயம் இரத்தத்தில் ஊறிவிட்டது. பச்சையாக இருந்து, அது தேயிலையாகவும் இல்லாவிட்டால், பிடுங்கிவிட வேண்டும்.

தாரணியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டதும் அதே காலத்தில்தான். அவள் ஹட்டனில் ஆசிரியை. அவளுடைய அப்பா பருத்தித்துறைக்காரர். ஹட்டனில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தார். மலையகத்துப் பையன், யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் தொண்டையைச் செருமுவார்கள். அவர் செருமவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. ஆறு மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் மழையைப் பற்றியே பேசினார்.

கடலோரத்தில் பிறந்த மனிதர், கடலை விட்டு இருக்க முடியாமல் வீட்டுக்கூடத்தில் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார். ஹட்டன் குளிருக்கு அதற்குள் ஒரு ஹீட்டர், ஒரு பம்ப், நிறையக் கல். இரண்டு ஆரஞ்சு மீன்கள். அப்புறம் சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று: நீலமும் செம்மஞ்சளும் கலந்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு கல்லோடு கல்லாக ஊர்ந்துகொண்டிருக்கும். மாண்டரின் என்று பெயர். யாரையும் மதிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததால் நான் மனதுக்குள் அதற்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்திருந்தேன்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் புறப்பட்டபோது மாணவர்களைப் போலவே நானும் ‘சேர்’ என்று கூப்பிடும் தாரணியின் அப்பா, வீட்டுச் சாவியை என்னிடம் தந்தார். தாரணி வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா அந்தத் தொட்டியை இதுவரைக்கும் ஒருத்தரிட்டயும் குடுத்ததில்லை. விளங்குதோ?”

விளங்கியது. சாவி பையில் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சேர் இரண்டு பக்கத்துக்கு முத்து முத்தான கையெழுத்தில் எழுதித் தொட்டியில் ஒட்டியிருந்தார். ஹீட்டர் எத்தனையில் இருக்க வேண்டும், ஆரஞ்சு மீனுக்கு எத்தனை சிட்டிகை, எல்லாம் இருந்தது. சின்னத்துரைக்கு நேரே ஒரே வரி: ‘ஒன்றும் போட வேண்டாம். அது தானாகச் சாப்பிடும்.’

தானாக என்றால் எதை? நான்கு பக்கமும் கண்ணாடி. சமையலறைக்கு எழுந்து போய் டின்னைத் திறக்குமா? கேட்டால் அறிவில்லாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை.

முதல் இரண்டு நாள் தோட்டத்து வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் போய் மீன்களுக்குப் பெரட்டு எடுத்தேன். ஆரஞ்சு இரண்டும் ஆஜர். சின்னத்துரை தேடினால் ஆஜர். மூன்றாம் நாள்தான் என் கண் கல்லில் விழுந்தது. எல்லாக் கல்லிலும் பச்சைப் பச்சையாகப் பாசி. இவ்வளவு பெரிய அதிபர் வீட்டில் இப்படியா? பாவம், வயதானவர், குனிந்து கழுவ முடியாது போலும். வந்து பார்க்கும்போது தொட்டி பளிச்சென்று இருந்தால் மனிதர் அசந்துபோக மாட்டாரா?

ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தேன். கொல்லைப்புறப் பைப்பில் பிடித்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். சும்மா இல்லை, ஆசையாகத் தேய்த்தேன். பின்னால் இருந்த ஒரு பெரிய கல் மட்டும் தூக்க முடியாததால் தப்பியது. மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆனது. படம் எடுத்துத் தாரணிக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். (அனுப்பவில்லை. குலதெய்வம் காப்பாற்றியது.)

ஐந்தாம் நாள் சின்னத்துரையின் வயிறு உள்ளே போயிருந்தது. வெள்ளைக் கல்லிடம் போகும், உற்றுப் பார்க்கும், திரும்பிவிடும். அடுத்த கல்லுக்குப் போகும், உற்றுப் பார்க்கும், திரும்பிவிடும். ஆரஞ்சு மீனின் தீனியைப் போட்டேன். இறாலை மசித்துப் போட்டேன். அவித்த முட்டையின் மஞ்சளைக்கூட நூலளவு கிள்ளி மூக்குக்கு நேரே காட்டினேன். ஆரஞ்சு மீன்கள் வந்து விருந்து சாப்பிட்டன. சின்னத்துரை என்னைப் பார்த்த பார்வையில் என் கல்யாணம் நின்றுபோவது தெளிவாகத் தெரிந்தது.

அன்று தாரணி ஊரிலிருந்து போன் செய்தாள்.

“அப்பா கேக்கிறார், சின்ன மீன் என்ன செய்யுது எண்டு.”

“நல்லா இருக்கு. சும்மா... நடமாடிக்கிட்டு இருக்கு.”

“உங்கட குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“தடிமன். மூக்கு அடைச்சிருக்கு.”

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு உயிர் கண்ணெதிரே பட்டினி கிடக்கும்போது தட்டில் கை வைக்கவே கூச்சமாக இருந்தது. தொட்டி வாங்கிய கொழும்புக் கடையின் நம்பர் அந்தத் தாளின் அடியில் இருந்தது. எடுத்துப் பேசினேன்.

“கல்ல ஏதாச்சும் செஞ்சீங்களா தம்பி?” என்றார் கடைக்காரர். (முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்தில் ‘நானா’.)

“லேசா கழுவுனேன்ங்க.”

“எந்தத் தண்ணில?”

“பைப் தண்ணிங்க. தேங்காத் தும்பு போட்டு.”



“தம்பி, அந்தப் பாசிக்குள்ளதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இரிக்கிது. நாள் முழுக்க அதக் கொத்தித்தான் அந்த மீன் உசிர் வாழும். நீங்க கழுவினது அழுக்கில்ல, அதுட சாப்பாடு.”

உயிருள்ள பூச்சியை ஒரு போத்தலில் போட்டு மறுநாள் ஹட்டன் பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். நான் லீவு போட்டுவிட்டு பஸ் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஸ்டாண்டில் போய் நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கிவந்து, தலையைச் சொறிந்துகொண்டே போத்தலை நீட்டினார். பாதிதான் இருந்தது.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. கினிகத்தேனை வளைவுல ஒரு அம்மா வாந்தி எடுத்துட்டாங்க. வாய் கொப்பளிக்க அவசரத்துக்கு இதத்தான் குடுத்தேன்.”

“முழுங்கிட்டாங்களா?”

“இல்லண்ணே. உப்பு கரிக்குதுன்னு துப்பிட்டு என்னையத்தான் ஏசுனாங்க.”

அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மிச்சப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, தூசு மாதிரி ஏதாவது அசைகிறதா என்றுதான் பார்த்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அசைந்தது. ஜாக்கெட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு ஓடினேன். நானா சொன்னபடி பம்ப்பை நிறுத்திவிட்டு, தப்பிப் பிழைத்த அந்தப் பெரிய கல்லின் அடியில் மெதுவாக ஊற்றினேன். சின்னத்துரை வந்தது. கல்லை உற்றுப் பார்த்தது. திரும்பப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கொத்திக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அதை மறைப்பானேன். ஆனால் பாதிப் போத்தல் பத்தாம் நாள் வரை தாங்குமோ என்ற பயத்தில் அப்புறமும் சோறு இறங்கவே இல்லை.

பத்தாம் நாள் அவர்கள் வந்து இறங்கினார்கள். சேர் பையைக்கூட வைக்காமல் நேரே தொட்டிக்குப் போனார்.

“கல்லை ஆர் கழுவினது?”

வோல்டேஜ் குறைந்தது, கரன்ட் போனது என்று பல பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. தும்பிலிருந்து கினிகத்தேனை வாந்தி வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். தாரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சேர் குனிந்து மீனின் வயிற்றை நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார்.

“நீர் எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?”

“ஒரு... நாலு நாளுங்க சேர்.”

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “பிள்ளை, தம்பிக்குச் சாப்பாடு போடு” என்று மட்டும் உள்ளே பார்த்துச் சொன்னார். நான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதைக் கழுவக் கையில் எடுத்தாலும் தாரணி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: “அதில ஆரும் சாப்பிடுகினமோ எண்டு பாத்திட்டுக் கழுவுங்கோ!” சொந்தக்காரர்கள் வந்திருந்தால் கினிகத்தேனை அம்மாவின் கதையும் கட்டாயம் வரும். வருடத்துக்கு வருடம் அந்த அம்மா குடித்த அளவு கூடிக்கொண்டே போகிறது.

சம்மதத்தைச் சேர் என்னிடம் வாயால் சொன்னதே இல்லை. அவர்கள் ஊரிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தொட்டியில் ஒட்டியிருந்த தாளின் அடியில் அதே முத்துக் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

‘மாப்பிள்ளை கல்லில் கை வைக்கக் கூடாது.’