பேர் சொன்னால் வருபவர்கள்

எல்லாரும் சௌக்கியமா? ஊரெல்லாம் இருமலாமே, வெந்நீராகக் குடியுங்கள். குடித்துக்கொண்டே இதையும் கேளுங்கள்.

வெண்கரை என்று ஒரு நாடு. தாத்தா பெயரை அதிகாரி முன்னால் உரக்கச் சொல்பவர் கையில் மட்டுமே குடிமுத்திரை குத்தப்படும் என்று அரசர் ஆணையிட்டார். முத்திரை இல்லாதவர்கள் பௌர்ணமியன்று ஆற்றுக்கு அப்பால் போய்விட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று அரண்மனைக்குப் பெருமை. உப்பங்கழியோரத்து மக்கள் செத்தவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதும் அரண்மனைக்குத் தெரியும்.

கழியோரத்துப் பூவாத்தாள், தனக்கு இல்லாவிட்டாலும் மகள் அரும்புக்காவது முத்திரை வாங்கிவிட வேண்டும் என்று வரிசையில் நின்றாள்.

“புள்ளையோட தாத்தா பேரு?”

“எங்கப்பாதான் சாமி. பேரச் சொன்னா எந்திரிச்சு வந்துருவாக.”

“வரட்டுமே! ஒரு நாற்காலி போடச் சொல்றேன்.”

வரிசையே சிரித்தது. பூவாத்தாள் மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “வீரணன்.”

வாசற்படியில் ஈரக் காலடி விழுந்தது. சேற்று வாடை வந்தது. தலைமுடியிலிருந்து கழிநீர் சொட்ட, ஒரு கிழவர் வந்து அரும்புவின் பின்னால் நின்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

“உம்ம... உம்ம தாத்தா பேரு?”

கிழவர் சொன்னார். இன்னொருவர் வந்தார். அவரும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் வரிசை ஆற்றங்கரை வரை நீண்டுவிட்டது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

அமைச்சரே நேரில் வந்தார்.

“சோறு கேக்கறாங்களா?”

“இல்லீங்க.”

“நெலம்?”

“படுத்த எடமே போதுமாம்.”

“எதிர்த்துப் பேசறாங்களா?”

“மூச்சே இல்லீங்களே.”

“அட, இவங்கதான்யா குடிமக்கள்! இவங்களுக்கு மட்டும் குத்துங்க முத்திரைய!”

வந்தவர்கள் எல்லார் கையிலும் குத்தினார்கள். அரும்பும் கையை நீட்டினாள்.

“எங்க தாத்தாவுக்குக் குடுத்தீங்கல்ல, எனக்கு?”

அதிகாரி கனிவாகச் சொன்னார்: “உனக்கும் உண்டு பாப்பா. அவங்கள மாதிரி ஆனதும் வா.”

பௌர்ணமியன்று தாயையும் மகளையும் படகில் ஏற்றினார்கள். வீரணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காவலன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். குடிமக்கள் எல்லை தாண்டக் கூடாதாம்.

அங்கே அரசருக்கும் தேர்தல் உண்டு. அடுத்து வந்ததில் அவர் ஒரு வாக்கும் குறையாமல் வென்றார்.

உங்கள் ஊரில் எப்படி? போன தேர்தலில் வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவர் மூச்சு விட்டாரா? கவனித்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.