பொருள் எண் நூற்றுப் பதினெட்டு

எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில், கண்டெடுத்த பொருள்களுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. அதில் குடை, கையுறை, ஒற்றைக் காலணி என்று நூற்றுப் பதினேழு பொருள்கள் இருந்தன. மார்ச் பதினான்காம் தேதி காலை ஏழு இருபதுக்கு, பேருந்து நிறுத்தத்தில் சார்ஜென்ட் ஒமேல்கோ ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார்.

அவருக்கும் மனைவி மெலானியாவுக்கும் பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. தத்தெடுக்க நாற்பத்திரண்டு சான்றிதழ் வேண்டும். கண்டெடுத்த பொருளுக்கு ஒரே படிவம். ஆறு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் எடுத்தவருக்கே சொந்தம். ஒமேல்கோ சட்டத்தை மீறாதவர். ஆகவே எழுதினார்: "எண் 118. நிறம்: இளஞ்சிவப்பு. நிலை: ஈரம்." நிலையத் தலைவர் மதிய உணவுக்குக் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்திட்டு வட்ட முத்திரை குத்தினார்.

"எங்கங்க வைக்கிறது? குடைங்களோடயா?" என்றாள் மெலானியா.

"கெட்டுப்போற பொருளைக் கண்டெடுத்தவரே வீட்டுல வச்சுக்கலாம். விதி ஏழு."

"பச்சப்புள்ளையப் போயி கெட்டுப்போற பொருளுங்கிறீங்களே! வாயக் கழுவுங்க!"

ஆறு மாதத்துக்கு மூன்று நாள் பாக்கி. குழந்தைகள் நலத்துறை அதிகாரி ஸ்டெபானியா பெட்ரிவ்னா, குழந்தையை அநாதை இல்லத்துக்குக் கொண்டுபோக வண்டியோடு நிலையத்துக்கு வந்து இறங்கினார்.

"குழந்தைய ஒப்படைங்க, சார்ஜென்ட்."

"குழந்தையா? அப்படி எதுவும் பதிவாகலைங்கம்மா. பொருள்தான் இருக்கு."

"பாலு குடிக்குதாமே?"

"பராமரிப்புச் செலவும்மா."

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. வட்ட முத்திரையை எதிர்த்துப் பேசியவர் எங்கள் ஊரில் இதுவரை எவரும் இல்லை. வண்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார். ஆனால் அவர் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுலயும் குழந்தை இல்லீங்க. பதினோரு வருஷமா அலையிறேன். முப்பத்தொம்பது சான்றிதழ் சேர்த்தாச்சு. அதுக்குள்ள முதல்ல வாங்குனதெல்லாம் காலாவதி."

"அந்தச் சான்றிதழையெல்லாம் கேக்குற ஆளே நீங்கதானேம்மா?"

"அதான் எனக்கே நான் சலுகை காட்ட முடியல. அடுத்து ஏதாவது கெடைச்சா, என் பேரை எழுதி வைங்க."

ஒமேல்கோவின் கண் கலங்கியது. மேசை இழுப்பறையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்து ஏழு கோடு போட்டார்.

"எழுதிக்கலாம்மா. பதினாலு சான்றிதழ் மட்டும் கொண்டாங்க. அப்புறம் வெளிய போயி, வரிசையில கடைசி ஆளு யாருன்னு கேட்டு நில்லுங்க. இதுக்குன்னே உங்களுக்கு முன்னால எட்டுப் பேரு."