அந்தப் பக்கம் நிற்பது பெனிட்டா

“திரை எங்க தம்பி?” என்று லூர்துநாதன் கேட்டபோது, சவுண்டு சர்வீஸ் அஜ்மீர் புரொஜெக்டரை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றான்.

“கோவில்பத்துல ஒரு கல்யாண வீட்டுல மாட்டிக்கிச்சுண்ணே. பெரிய துணி ஏதாச்சும் கட்டுங்க, போதும்.”

தலத்தெருவே அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஆசிய மகளிர் ஹேண்ட்பால் போட்டி. இந்திய அணியின் கோல்கீப்பர் அவருடைய ஒரே மகள் பெனிட்டா. சும்மாவா!

இதே மனுஷர்தான், பெண் பார்க்க வருகிற நாளில் பயிற்சி முகாமுக்குக் கிளம்பினாள் என்று அவள் ஷூவைத் தூக்கி அரசலாற்றில் எறிந்தவர். “பந்து பொறுக்கப் போறவ எனக்கு மகளே இல்ல” என்றும் சொன்னார். வெறுங்காலோடு பஸ் ஏறியவள் பிறகு வரவேயில்லை. ஆத்திரம் இறங்கியதும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார். ‘அப்பாவை மன்னிச்சிரும்மா’ என்றுகூட ஒருநாள் அனுப்பினார். பதில் இல்லை. பாவம், பயிற்சியில் நேரம் இருக்காது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். இன்று தெருவே கைதட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் கல்லும் கரையும், ஒரு ‘அப்பா’ வரும் என்பது அவர் கணக்கு.

கட்டில் பெட்ஷீட்டை உருவிக் கட்டினார். அதில் ஊதாப் பூக்கள். இரண்டு அணியின் சட்டையும் ஒரே நிறமாகிவிட்டது. கயிற்றில் மடித்துச் சொருகியதில் ஸ்கோர் காட்டும் ஓரமும் உள்ளே போய்விட்டது.

“ஏண்ணே, இதுல பந்து எது, பூ எது?” என்றாள் பக்கத்து வீட்டு நஜீபா. “அந்தாளு பேசுற இங்கிலீஷும் புரியல. நீங்களே வெளக்கிச் சொல்லுங்க.”

மகள் ஆடி ஒருநாளும் பார்த்திராத மனுஷர் என்ன விளக்குவார்? ஆனாலும் வர்ணனையை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பெனிட்டா எங்கண்ணே?”

இரண்டு கோலிலும் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் குதிரைவால் சடை. லூர்துநாதன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பெற்றவருக்குத் தெரியாதா?

“அந்தப் பக்கம் நிக்கிறா பாருங்க, உசரமா! அதான் எம்புள்ள! இந்தப் பக்கத்து கோல்ல பந்து போனா நமக்கு வெற்றி!”

போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் தெரு எழுந்து கூத்தாடியது. விசில், கைதட்டல். “போடு! இன்னும் போடு! அவ ஒண்ணையும் புடிக்க மாட்டா!” என்று லூர்துநாதன் மைக்கில் கத்தினார். போனில் எடுத்திருந்த அந்த வீடியோவை இடைவேளையில் சுடச்சுட மகளுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தெருவும் பாவம், பந்து போன பக்கமெல்லாம் கைதட்டியது.

ஆட்டம் முடிந்ததும் கேமரா தோற்ற அணியின் கோல்கீப்பர் முகத்துக்கு நெருங்கியது. முழங்காலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள் பெனிட்டா.

நஜீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்ல எழுந்து போனாள்.

லூர்துநாதன் அவசர அவசரமாகப் போனை எடுத்தார். வீடியோவை அழித்தார். ‘எனக்கு மட்டும்’ என்பதை அமுக்கிவிட்டார். அவர் போனில் போயிற்று, அவள் போனில் இருக்கும். ஐயோ என்று குரல்பதிவு அனுப்பினார்: “அம்மாடி, அந்த வீடியோவப் பாத்துராத.” பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? உடனே இன்னொன்று: “வேற பொண்ண நீன்னு நெனச்சிட்டேம்மா, அதான் கை தட்டினோம்.” அனுப்பிய பிறகுதான் அதன் லட்சணம் உறைத்தது. பெற்ற மகளையே அடையாளம் தெரியாதவன் என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று.

விடிந்ததும் விடியாததுமாகக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் தௌஃபீக்கிடம் ஓடினார்.

“தம்பி, எம்புள்ள பாக்குறதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுக் குடுப்பா. இதப் பாத்தா சென்மத்துக்கும் எங்கூடப் பேச மாட்டா.”

தௌஃபீக் போனை வாங்கி மேலே தள்ளினான். இன்னும் மேலே தள்ளினான். பிறகு ஆறுதலாகச் சிரித்தான்.

“பயப்படாதீங்கண்ணே, அவங்க உங்க நம்பர பிளாக் பண்ணி ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும், மன்னிச்சிருன்னு நீங்க அனுப்புனதுகூடப் போய்ச் சேரல.”